பஞ்சுவுக்குத் தடையில்லை

நாய் குட்டி போடலாமா வேண்டாமா என்பதை நாயே பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிற அப்பாவிகள் உலகத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் நாய் வளர்த்ததில்லை. வளர்த்திருந்தாலும் நகர நிர்வாக அலுவலகத்தின் மாடிப்படி ஏறியதில்லை. ஏறிக் கால் தேய்ந்தவர்களில் ஒருவர் நம் கண்ணாடிக்காரர்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பகல் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையை மாட்டி, "இது தெளிவா இருக்கா?" என்பார். அதைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டி, "இல்ல, இது தெளிவா?" என்பார். எது தெளிவு என்று முடிவு சொல்வது உட்கார்ந்திருப்பவர் பாடு. இப்படி ஒரு சௌகரியமான தொழிலில் காலம் தள்ளியதால், சொந்தமாக ஒரு முடிவு எடுக்கிற பழக்கமே மனிதருக்கு விட்டுப்போயிருந்தது. வீட்டில் சட்டை மாற்றுவதென்றாலும் இரண்டு கையிலும் இரண்டைத் தூக்கிக்கொண்டு மனைவி முன்னால் வந்து நிற்பார். அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமலே, "ரெண்டாவது" என்பாள்.

அந்த வீட்டு நாய் பெயர் பஞ்சு. வெள்ளை, பொசுபொசு, படுத்திருந்தால் தலை எது வால் எது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெண் நாய். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபிறகு, அந்த வீட்டில் யாரையாவது "சாப்பிட்டியா?" என்று கேட்க வேண்டுமென்றால் பஞ்சுவைத்தான் கேட்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு தடவையும் இல்லை என்பதுபோலவே பார்க்கும்.

பஞ்சு ஒரே ஒரு தடவை குட்டி போட்டது. போட்டது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முனகி, உயிர் போய் உயிர் வந்து, பிழைத்தது ஒரு குட்டிதான். அதை மனைவியின் தம்பி, "மாமா, இது எனக்கு" என்று தூக்கிக்கொண்டு போனான். கண்ணாடிக் கடைக்குப் பக்கத்திலேயே கைபேசி உறை விற்கிறவன். குட்டியைச் சட்டைப் பையில் போட்டு, தலையை மட்டும் வெளியே தெரியவைத்து, ஒரு படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது பீடை.

அதுவரை அந்தத் தெருவில் நாய் என்றால் குரைக்கிற ஜந்து. படம் வந்த பிறகு நாய் என்றால் அந்தஸ்து. முன்பெல்லாம் நாய் ஆளை இழுத்துக்கொண்டு போகும். இப்போது ஆள் நாயைத் தூக்கிக்கொண்டு போனான், கேட்டால் நாய்க்கு நடைப்பயிற்சி என்றான். பெற்ற பிள்ளையை "ஏ சனியனே" என்று கூப்பிடுகிறவர்களெல்லாம் நாயை "வாங்க செல்லம், உக்காருங்க" என்றார்கள். நாய்க்குக் காலணி வந்தது, குல்லாய் வந்தது, கறுப்புக் கண்ணாடி கேட்டு நம் கண்ணாடிக்காரர் கடைக்கே இரண்டு பேர் வந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ஆசை, பஞ்சு வம்சத்தில் ஒரு குட்டி வேண்டும். மைத்துனன் உறை வாங்க வந்த ஒருவரையும் விடாமல், "அடுத்த ஈத்துல உங்களுக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்து வைத்திருந்தான். பஞ்சுவின் வயிறு என்ன, அவன் கடை அலமாரியா?

"மாமா, இந்தத் தடவை நல்ல ஜோடியாப் பார்த்துச் சேர்த்துடுவோம்" என்றான் ஒரு நாள்.

"சேர்க்கலாமா, வேண்டாமா?" என்று கண்ணாடிக்காரர் வழக்கம்போல மனைவியைப் பார்த்தார்.

"போன தடவை பட்டது போதாதா? ஆபரேஷன் பண்ணி விட்டுடலாம்" என்றாள் அவள்.

"என்னக்கா நீ! தாய்மையோட அருமை தெரியாமப் பேசறே."

"தெரியாமயா? நீ ஒரு தடவை பெத்துட்டு வந்து பேசுடா."

தம்பி வெளியே போனான். போகிற வழியில் இன்னொருவருக்குக் குட்டி தருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான் என்பது வேறு விஷயம்.

சந்தேகத்துக்கு ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பஞ்சுவை நாய் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், இடுப்பை அமுக்கிப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"இடுப்பெலும்பு குறுகல். இதயமும் அவ்வளவு பலம் இல்ல. இன்னொரு பிரசவம் இது தாங்காது. குட்டியும் போகும், தாயும் போகும். அடுத்த பருவம் வர்றதுக்குள்ள கருத்தடை பண்ணிடுங்க."

கண்ணாடிக்காரர் பஞ்சுவைப் பார்த்தார். அது மேஜைமேல் நடுங்கிக்கொண்டே அவர் சட்டைப் பொத்தானை நக்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியைக் கேட்காமல் அவராகவே ஒரு முடிவு எடுத்தார்.

"பண்ணிடுங்க டாக்டர். இன்னைக்கே பண்ணிடுங்க."

"நான் ரெடி. புதுச் சட்டம்தான் ரெடியா இல்ல" என்றாள் டாக்டரம்மா. "வாயில்லா ஜீவன்மேல கத்தி வைக்கணும்னா நகர நிர்வாகத்துல இருந்து தடையில்லாச் சான்று வரணும். ஒரு கையெழுத்துதான், போய் வாங்கிட்டு வந்துடுங்க."

ஒரு கையெழுத்துதானாம். மனிதன் ஆயுசில் ஒரு தடவை முடிவு எடுத்தால், எடுத்த கையோடு அதை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது.

அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் இருந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் மனுஷனே இல்லை என்கிற தெளிவு முகத்தில் இருந்தது. கண்ணாடிக்காரர் நின்றார், கனைத்தார், இன்னும் கொஞ்சம் நின்றார்.

"என்ன வேணும்?"

"தடையில்லாச் சான்று, சார்."

"எதுக்கு?"

"நாய்க்குக் கருத்தடை பண்ண."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். பேனா வைத்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"படிச்சவரா நீங்க?"

"ஏதோ கொஞ்சம்."

"நாய்க்கு என்ன பண்ணப் போறதாச் சொன்னீங்க?"

"கருத்தடை."

"அந்த வார்த்தையில கடைசியில என்ன இருக்கு?"

"தடை."

"எங்ககிட்ட என்ன சான்று கேக்கறீங்க?"

"தடை... இல்லா..."

"ஆங்! தடை பண்ணப்போற நாய்க்குத் தடையில்லைன்னு நான் எப்படிய்யா எழுதிக் கொடுக்கிறது? நாளைக்குத் தணிக்கைக்கு வர்றவன், 'தடை இருக்கிற நாய்க்குத் தடையில்லைன்னு எப்படிக் கொடுத்தே?'ன்னு கேட்டா, நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

"சார், அதோட அர்த்தம் என்னன்னா, ஆபரேஷன் பண்றதுல உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல..."

"அர்த்தமெல்லாம் வேற பிரிவு. இங்க எழுத்து மட்டும்தான்."

கண்ணாடிக்காரர் யோசித்தார். "அப்ப, தடைச் சான்றுன்னு ஒண்ணு கொடுத்துடுங்களேன்."

"தாராளமாக் கொடுக்கலாம். கொடுத்தா ஆபரேஷனுக்குத் தடைன்னு ஆயிடும். டாக்டர் கத்தியைத் தொடமாட்டாங்க. பரவாயில்லையா?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரியாகத்தான் இருந்தது. அலுவலகங்களில் வயிற்றெரிச்சலே இதுதான். பைத்தியக்காரத்தனமாகப் பேசினால் சண்டை போடலாம், இவர்கள் சரியாகவே பேசி மனிதனைப் பைத்தியமாக்குகிறார்கள்.

"இது கொள்கை முடிவு. அதிகாரியைப் பாருங்க" என்று எழுத்தர் உள்ளே கையைக் காட்டினார்.

அதிகாரியின் மேஜைமேல் 'நாய்ப் பெருக்கக் கட்டுப்பாட்டு அதிகாரி' என்று ஒரு பலகை நின்றது. மனிதர் தூரத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்துக் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தார். தொழில் புத்தி, கண்ணாடிக்காரருக்கு அது முதலில் கண்ணில் பட்டது. சொன்னால் காரியம் கெடும் என்று சும்மா இருந்தார்.

"கருத்தடைதானே? ஆஹா, பாராட்டத்தக்க முயற்சி!" என்றார் அதிகாரி. "உங்களை மாதிரிப் பொறுப்புள்ள குடிமக்கள் இருந்தா நாய்த்தொல்லை என்னைக்கோ ஒழிஞ்சிருக்கும். எனக்குப் பூரண சம்மதம். ஆனா மத்தியான அதிகாரியோட கருத்தைக் கேக்கணும்."

"அவர் யாருங்க?"

அதிகாரி பலகையைத் திருப்பிக் காட்டினார். அதன் முதுகில் 'நாயின மேம்பாட்டு மற்றும் பெருக்க அதிகாரி' என்று எழுதியிருந்தது. "சிக்கன நடவடிக்கை. ரெண்டு பதவியையும் ஒருத்தர்கிட்டயே கொடுத்துட்டாங்க. காலையில நாயைக் குறைக்கணும், மத்தியானம் நாயைப் பெருக்கணும். ரெண்டுக்கும் இலக்கு இருக்கு."

"அப்ப மத்தியான அதிகாரியும் நீங்கதானா? இப்பவே கேட்டுடலாமே, சார்."

"வாய்வார்த்தையாக் கேக்கறது முறையில்ல" என்று அதிகாரி தமக்குத் தாமே ஒரு கடிதம் எழுதினார். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, தம் பணிவான வணக்கத்தைத் தமக்குத் தெரிவித்து, மேற்படி நாய் தொடர்பான தங்கள் மேலான கருத்தை அறிய விரும்புவதாக முடித்து, உறையில் போட்டு ஒட்டி, ஊழியரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவர் அதைக் கீழ்மாடிக்குக் கொண்டுபோய் முத்திரை குத்தி, சாப்பாட்டுக்கப்புறம் மேலே கொண்டுவந்து அதே மேஜையில் வைத்தார். பலகை திரும்பியிருந்தது. அதிகாரி உறையைக் கிழித்தார், படித்தார், முகம் சிவந்தார்.

"கருத்தடையா? இது என்ன மடத்தனம்! நாட்டில நல்ல ஜாதி நாய் இல்லாம நாங்க தவிக்கிறோம், யாரு இந்த யோசனை சொன்னது?"

"காலையில நீங்கதான், சார்..."

"காலை அதிகாரியைப் பத்தி என்கிட்ட கோள் சொல்லாதீங்க. அவரும் நேர்மையான மனுஷர்தான். என்ன, கொஞ்சம் அவசரப்படுவார்."

கண்ணாடிக்காரர் விடவில்லை. மறுநாள் போனார், அதற்கு மறுநாள் போனார். காலையில் கைகுலுக்கினார்கள், மத்தியானம் கண்டித்தார்கள். இதற்கிடையில் காலை அதிகாரிக்கும் மத்தியான அதிகாரிக்கும் கடிதத்தில் மனஸ்தாபம் முற்றி, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மேலிடத்துக்குப் புகார் எழுதும் அளவுக்குப் போய்விட்டது. கடைசியில் ஒரு நாள் மத்தியானம் அதிகாரி முகமெல்லாம் சிரிப்பாக ஒரு தாளை நீட்டினார்.

"உங்களுக்காக வழி கண்டுபிடிச்சுட்டேன். இந்தாங்க, தடையில்லாச் சான்று!"

அழாத குறையாகக் கும்பிட்டுவிட்டு, கண்ணாடிக்காரர் ஓட்டமாக ஓடி டாக்டரம்மாவிடம் அதைக் கொடுத்தார். அவள் வாய்விட்டுப் படித்தாள்: "மேற்படி பஞ்சு என்னும் நாய்க்கு இதுவரை எவ்விதத் தடையும் இல்லை எனவும், கருத்தடை உள்ளிட்ட எவ்விதத் தடையும் இனிமேல் விதிக்கப்படலாகாது எனவும் இதனால் சான்றளிக்கப்படுகிறது."

"அய்யோ" என்றார் கண்ணாடிக்காரர்.

"அய்யோ இல்ல, இன்னும் இருக்கு, கேளுங்க. 'தடையில்லா நாய் என்ற தகுதி பெற்ற மேற்படி நாய், அத்தகுதியை வீணாக்காமல் வரும் பருவத்திலேயே இனவிருத்தியில் ஈடுபடுத்தப்பட வேண்டும். தவறினால் நாய் கையகப்படுத்தப்படும்.'"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே பூதத்துக்கு நாலு கால். அந்த அதிகாரிக்கு மேலதிகாரி வீட்டில் ஒரு ஆண் நாய் இருந்தது, கன்றுக்குட்டி உயரம், கதவிடுக்கில் தலை நுழையாது. துறையின் செலவில் அதற்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார்களாம். அடுத்த வாரம் அந்த மாப்பிள்ளை அரசு வண்டியில் வருவார், மேற்படி பஞ்சுவைத் தயார் நிலையில் வைத்திருக்கவும் என்று வீட்டுக்கு அறிவிப்பே வந்துவிட்டது.

மைத்துனனுக்குத் தலைகால் புரியவில்லை. "அரசாங்கமே நம்ம பக்கம் மாமா! மேலதிகாரி வீட்டுச் சம்பந்தம்! யாருக்குக் கிடைக்கும்?"

"டேய், அந்த மாடு மேல விழுந்தாலே இது செத்துப்போயிடும்டா" என்று அக்கா கத்தினாள். அன்று காலைதான் அவள் பஞ்சு படுத்திருந்த துணியில் ரத்தக்கறையைப் பார்த்திருந்தாள். பருவம் தொடங்கிவிட்டது. அவள் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். "எந்த அதிகாரி வந்தாலும் சரி, என் பொணத்தைத் தாண்டித்தான் வரணும்" என்று உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. கூடவே பஞ்சுவும் தன் பங்குக்கு ஒரு தடவை குரைத்தது.

கண்ணாடிக்காரருக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனார். சண்டை போட வேண்டும் என்று வார்த்தைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு போனார். அதிகாரி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பலகை படுக்கப்போட்டிருந்தது, எந்தப் பக்கமும் தெரியவில்லை.

"சார், அது செத்துப்போயிடும். அவ்வளவுதான் சொல்ல வந்தேன். அது எங்க வீட்டுப் பிள்ளை, சார்" என்றார். அடுக்கி வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

அதிகாரி சுற்றும்முற்றும் பார்த்தார். "உக்காருங்க. இப்ப நான் காலை அதிகாரியும் இல்ல, மத்தியான அதிகாரியும் இல்ல. சாப்பிடற மனுஷன். மனுஷனாச் சொல்றேன், கேட்டுட்டு மறந்துடுங்க. கருத்தடைன்னு ஏன்யா எழுதறீங்க? வயித்துல கட்டின்னு எழுதச் சொல்லுங்க. கட்டி எடுக்கச் சான்றும் வேணாம், தடையும் இல்ல. கட்டி வந்த நாயை இனவிருத்திக்கும் கூப்பிடமாட்டாங்க."

"பொய் இல்லையா, சார்?"

"பொய்தான். அதான் சாப்பாட்டு நேரத்துல சொல்றேன்."

அன்று சாயங்காலமே டாக்டரம்மா கத்தியை எடுத்தாள். "இந்த நேரத்துல ரத்தம் அதிகமாப் போகும். ஆனா விட்டா உயிரே போகும்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். கண்ணாடிக்காரரும் மனைவியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பஞ்சு வயிற்றில் கட்டோடு, நாக்கை ஒரு பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, அந்த அம்மாள் அதனிடம் கேட்டது ஒரே கேள்விதான். "சாப்பிடறியா?"

டாக்டரம்மா பதிவேட்டில் 'வயிற்றில் கட்டி, அகற்றப்பட்டது' என்று எழுதினாள். இத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எந்த நல்ல கதையை நம்மவர்கள் முடியவிட்டிருக்கிறார்கள்?

கண்ணாடி மாற்ற வந்த ஒருவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தன் நாய்க்கும் இதே பாடு என்று புலம்பினார். கண்ணாடிக்காரர் மனசு கேட்காமல் அவர் காதில் விஷயத்தைப் போட்டுவிட்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றும் சொன்னார். அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாதா? அவர் இன்னொருவர் காதில் போட்டார், யாரிடமும் சொல்லாதே என்ற நிபந்தனையோடு. வாரத்துக்கு வாரம் ஊர் நாய்களுக்கெல்லாம் கட்டி வந்தது. மேலதிகாரி வீட்டு மாப்பிள்ளைக்குப் பயந்து சிலர், குட்டி போட்டால் யார் வளர்ப்பது என்று பயந்து சிலர். மைத்துனனே தன் குட்டிக்குச் சத்தமில்லாமல் கட்டி எடுத்துக்கொண்டு வந்தான். தாய்மையின் அருமையெல்லாம் ஊரான் வீட்டு நாய்க்குத்தான்.

வருஷ முடிவில் அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. 'இவ்வாண்டு நகரில் கருத்தடை செய்யப்பட்ட நாய்கள்: ஒன்றுமில்லை. கட்டி அகற்றப்பட்ட நாய்கள்: வரலாறு காணாத எண்ணிக்கை. மர்மமான இக்கட்டி நோய் காட்டுத்தீயெனப் பரவி வருவது நிர்வாகத்தை ஆழ்ந்த கவலையில் ஆழ்த்தியுள்ளது.'

கவலை வந்தால் பதவி வராமல் இருக்குமா? 'கட்டி ஒழிப்புச் சிறப்பு அதிகாரி' என்று மூன்றாவது பதவி ஒன்று உண்டாக்கினார்கள். காலையும் மத்தியானமும் ஏற்கெனவே போய்விட்டதால், சிக்கன நடவடிக்கையாக அதைச் சாப்பாட்டு இடைவேளையில் வைத்தார்கள். அந்த ஒரு மணி நேரம் மனுஷனாக இருந்த மனுஷனும் போனான்.

ஊருக்கு ஒரு புது மோஸ்தர் கிடைத்தது. காலணி, குல்லாய் எல்லாம் பழசாகிப்போய், நாய்க் கழுத்தில் கட்டித் தடுப்புப் பட்டை வந்தது. கட்டி வராத பிஸ்கட் வந்தது. கட்டி விழிப்புணர்வு நடை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே நடந்தது, நாய்கள் மட்டும் நடக்கவில்லை, எல்லாம் இடுப்பில் இருந்தன. கண்ணாடிக்காரர் கடை வாசலில் நின்று பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார். "நாம கிளப்பின புரளி, எப்படி ஆடறானுங்க பாரு!" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

சிரிப்பு, அந்த வருஷ அறிக்கை கைக்கு வந்து அவரே படிக்கும்வரைதான் இருந்தது. படித்த அன்று சாப்பாட்டில் மனிதருக்குக் கை ஓடவில்லை.

"ஏம்மா, இவ்வளவு நாய்க்கு வந்திருக்கே."

"என்ன வந்திருக்கு?"

"கட்டி."

"என்னங்க உளர்றீங்க? அது நீங்க எழுதவச்ச பொய்."

"நம்மளது பொய். நாம சொல்லி இன்னும் நாலு பேர் எழுதினதும் பொய்னே வச்சுக்கோ. இத்தனை பேருமா பொய் சொல்லுவாங்க? அரசாங்கமே புள்ளிவிவரம் போட்டிருக்கு."

"தூங்குங்க, பேசாம" என்றாள். ஆனால் விளக்கை அணைப்பதற்கு முன் அவளும் பஞ்சுவின் வயிற்றை ஒரு தடவை தடவிப் பார்த்ததை அவர் கவனித்தார்.

மறுநாள் நகர மண்டபத்தில் மாபெரும் கட்டி கண்டறியும் முகாம். மனைவியிடம் சொன்னால் திட்டுவாள் என்று, மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, பஞ்சுவைச் சத்தமில்லாமல் தூக்கிப்போய்க் காட்டிவிடலாமென்று கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்தார். வீடு பூட்டியிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே பஞ்சுவும் இல்லை. பதறிப்போய் மண்டபத்துக்கு ஓடினார். அங்கே நீளமான வரிசை. வரிசையின் முன்பக்கத்தில், பஞ்சுவைத் துண்டால் மூடி மார்போடு அணைத்துக்கொண்டு, அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"நீதானே பொய்னு சொன்னே?"

"சொன்னேன். ஊரே வந்து நிக்குதே, நாம மட்டும் வராம இருந்து ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

அவளுக்கு முன்னால் மைத்துனன் தன் குட்டியோடு நின்றான். அவனுக்கும் முன்னால், தன் வீட்டு நாயைக் கையில் பிடித்தபடி டாக்டரம்மாவே நின்றாள்.

"டாக்டர், நீங்களுமா? எழுதினதே நீங்கதானே!" என்றார் கண்ணாடிக்காரர் மெதுவாக.

"நான் எழுதினதெல்லாம் பொய்தான்" என்று அவளும் மெதுவாகவே சொன்னாள். "மத்த டாக்டருங்களும் எழுதியிருக்காங்களே. அவங்க படிச்சவங்க, பொய் எழுதமாட்டாங்க."

அப்போது பின்னாலிருந்து ஓர் அம்மாள், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நாய்க்குத்தானே முதல்முதல்ல வந்துச்சு? இங்க இருந்துதான் எல்லாத்துக்கும் தொத்திச்சாம்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சட்டென்று விலகினார்கள். மைத்துனன்கூடத் தன் குட்டியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு ஒதுங்கினான், அது பஞ்சு பெற்ற குட்டி.

முகாம் மேஜையிலிருந்து அதிகாரி எழுந்து வந்தார். பலகையில் மூன்றாவது பதவி பளபளத்தது. "இதுதானா அந்த முதல் நாய்? உடனே தனிமைப்படுத்தணும்."

"எடுத்தாச்சே சார், கட்டியை! இப்ப இல்லையே!" என்றார் கண்ணாடிக்காரர்.

"அதுதான் பிரச்சினை. இருந்தா எடுத்துட்டுக் குணமாச்சுன்னு அனுப்பலாம். இல்லாத கட்டியை எப்படிக் குணப்படுத்தறது? ஒரு வழி தெரியறவரைக்கும் நாய் எங்க பராமரிப்புல இருக்கும்."

ஊழியர்கள் இரண்டு பேர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார்கள். "விட்டுடாதீங்க, என்னங்க, விட்டுடாதீங்க!" என்று மனைவி அலறினாள். பஞ்சு அவள் தோளில் நகத்தை ஊன்றிக்கொண்டு தொங்கியது. பிரித்து எடுத்தார்கள்.

"சார், நீங்கதானே கட்டின்னு எழுதச் சொன்னீங்க! இதே சாப்பாட்டு நேரத்துல, இதே வாயால!"

"அப்ப நான் பதவியில இல்ல. பதவியில இல்லாதவன் பேச்சுக்கு நிர்வாகம் பொறுப்பாகாது."

கண்ணாடிக்காரர் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "சொல்லுங்கய்யா! கட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, எல்லாம் பொய்யி! உங்க நாய்க்கெல்லாம் என்ன ஆபரேஷன் நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? டாக்டர், நீங்களாவது சொல்லுங்க! டேய், நீயாவது சொல்லுடா!"

டாக்டரம்மா தன் நாயின் காதைத் தடவினாள். மைத்துனன் கைபேசியைப் பார்த்தான். மற்றவர்கள் எல்லாரும், 'பாவம், பாசத்தில் என்னென்னவோ பேசுகிறார்' என்பதுபோல அவரைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் அவரவர் பொய் தெரியும், அடுத்தவன் கட்டிமேல்தான் பயம். பஞ்சுவைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். அதன் குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"எல்லாம் பொய்னு நிச்சயமாத் தெரியும்னு சொல்றீங்க" என்றார் அதிகாரி, பொறுமையாக. "அப்ப நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

கண்ணாடிக்காரர் வழக்கம்போல மனைவியைப் பார்த்தார். அதற்குள் வரிசையில் பின்னால் நின்றவர்கள், பஞ்சு இருந்த இடம் காலியாகிவிட்டதால், ஒவ்வொருவராக ஓரடி முன்னால் நகர்ந்துகொண்டார்கள்.